மீட்டெடுத்த தண்ணீரில் ஆலை ஓட்டியவர்கள் – உங்கள் அனுபவம்?

சாய ஆய்வகம்:
சுத்திகரித்த கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வு வடிகட்டியில் விட்டு எடுத்து, அதை முதன்முதலில் துணி வெளுப்புக்குக் கொடுத்த வாரம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எல்லாரும் பயந்தது நாற்றத்துக்கும் நிறத்துக்கும்தான். தண்ணீரோ கண்ணாடி மாதிரி வந்தது. டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) முன்பு எடுத்த போர் தண்ணீரைவிடக் குறைவு. ஆனால் வெளுத்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னத் துளைகள்.

நூல் சரியில்லை என்றார் ஒருவர். மெஷினுக்குள் பிசிறு இருக்கிறது என்றார் இன்னொருவர். இரண்டு நாள் அலைந்தபின், தொட்டியின் அடியில் தேங்கியதைக் கொஞ்சம் எடுத்து அமிலத்தில் கரைத்து, தயோசயனேட் இரண்டு சொட்டு விட்டேன். ரத்தச் சிவப்பு. இரும்பு!

ஆர்.ஓ. தண்ணீரில் இரும்பு இல்லை. அது போய்த் தங்கிய பழைய இரும்புத் தொட்டியில்தான் இருந்தது. கடினத்தன்மையும் காரத்தன்மையும் போன தண்ணீர் இரும்பைச் சும்மா விடாது, அரித்துத் துருவைக் கூடவே இழுத்து வரும். துருத்துகள் ஒட்டிய இடத்தில் வெளுக்கப் போடும் பெராக்சைடு கட்டுக்கடங்காமல் சிதைந்து பருத்தியையும் அரித்துவிடுகிறது. தொட்டியையும் குழாயையும் எஃப்.ஆர்.பி.க்கு (இழை சேர்த்த பிளாஸ்டிக்) மாற்றினோம். அப்புறம் துளை வரவில்லை. அந்த இரண்டு நாளும் பழியைச் சுமந்தவர்கள் மெஷின் ஓட்டிய ஆட்கள். அது இன்றும் எனக்கு வருத்தம்.

கூலிங் டவர் பொறுப்பாளர்:
எங்களுக்கு வினை அம்மோனியா. நகரத்துச் சாக்கடை நீரை இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு எடுத்தோம். ஆற்றுத் தண்ணீரில் பல வருஷம் ஓடிய பித்தளைக் கண்டென்சர் குழாய்கள் முதல் வருஷத்திலேயே ஒழுக ஆரம்பித்தன. வெட்டிப் பார்த்தால் குழாய் தேயவே இல்லை, முடி அளவு விரிசல்தான். தாமிரக் கலவையை அம்மோனியா அப்படித்தான் பிளக்கும்.

கிருமிக்குப் போடும் குளோரினையும் அதுவே விழுங்கிவிடும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு நடைமுறையில் 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் போய்விடும். பாஸ்பேட் வேறு. டவரில் தண்ணீர் ஆவியாகி ஐந்து மடங்கு செறிந்தால், லிட்டருக்கு 4 மில்லிகிராமாக வந்தது 20 ஆகிவிடும். கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளை ஸ்கேலாகக் குழாயில் படியும். அடுத்த ஷட்டவுனில் குழாய்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினோம். குளோரைடு எவ்வளவு என்று பார்த்துத்தான் ரகத்தை முடிவு செய்தோம். மாற்றப்போகிறவர்கள் டி.டி.எஸ். மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அம்மோனியா, பாஸ்பேட் அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

சில்லு ஆலைத் தண்ணீர்ப் பிரிவு:
சிங்கப்பூரில் 2003 முதலே நியூவாட்டர் (கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் தண்ணீர்) மின்னணுச் சில்லு (சிப்) ஆலைகளுக்குப் போகிறது. ஆகவே முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் வந்துவிட்டது. எங்கள் தலைவலி யூரியா. மின்னேற்றம் இல்லாத சின்ன மூலக்கூறு என்பதால் ஆர்.ஓ. அதைச் சரியாகப் பிடிப்பதில்லை, அயனிப் பரிமாற்றப் பிசினும் பிடிப்பதில்லை. அது தப்பி வந்து தண்ணீரில் கரிம அளவு கொஞ்சம் ஏறினாலே எங்களுக்குத் தூக்கம் போய்விடும். அதற்கென்று தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறோம்.

சாய ஆய்வகம்:
கூலிங் டவர் நண்பரே, சாக்கடை நீரில் அம்மோனியா ஒரே நாளில் ஏறி இறங்குமே. குளோரின் அளவைக் கையால் மாற்றுகிறீர்களா, மீட்டர் பார்த்துத் தானாகவே ஓடுகிறதா? எங்கள் சாயத்தொட்டியில் மிச்சக் குளோரின் துளி இருந்தாலும் ஷேடு வெளுத்துவிடுகிறது, அதனால் கேட்கிறேன்.