மறு: ‘இம்யூன் செக்பாயின்ட் இன்ஹிபிட்டர்’ – தமிழில்?

> ‘நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடித் தடுப்பான்’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. நாம் பெயர் தேடுவது, டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லை அடக்கும் புரதங்களை மறித்து, அது புற்றுநோயைத் தாக்க வழிவிடும் மருந்துகளுக்கு. செல் பிரியும்முன் டிஎன்ஏ சேதமாகியிருக்கிறதா என்று நின்று பார்க்கும் கட்டத்துக்கும் ஆங்கிலத்தில் செக்பாயின்ட்தான். சோதனைச்சாவடி அங்கே பொருந்தும், அங்கேயே இருக்கட்டும்.

இங்கே நடப்பது வேறு. டி செல் கிளம்ப இரண்டு சைகை வேண்டும்: அதன் ஏற்பி ஆன்டிஜெனை (தாக்க வேண்டியதன் அடையாளப் பொருளை) அடையாளம் காண வேண்டும், அதன் மேற்பரப்பிலுள்ள சிடி28 புரதம் எதிரிலுள்ள செல்லின் பி7 புரதத்தைப் பிடிக்க வேண்டும். கிளம்பியபின் அதே டி செல் சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு புரதத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவரும். அதுவும் பி7-ஐத்தான் பிடிக்கும், சிடி28-ஐவிடப் பல மடங்கு இறுக்கமாக. சிடி28 வெறுங்கையாக நிற்க, செல் அடங்கிவிடும். இதில் சோதனை எங்கே? ‘தடுப்பான்’ வேறு சேர்ந்தால், தடுப்பதைத் தடுப்பது எது என்று வாசகருக்குத் தலைசுற்றும்.

> முட்டுக்கட்டை? தேர்ச் சக்கரத்துக்குப் போடுவார்களே.

படம் அழகு. ஆனால் பேச்சில் முட்டுக்கட்டை என்றாலே கெடுதல். சிடிஎல்ஏ-4 மரபணு இல்லாத எலிகள் மூன்று நான்கு வாரத்தில் செத்துவிடுகின்றன. டி செல்கள் பெருகி இதயம், கணையம் என்று சொந்த உறுப்புகளிலேயே புகுந்துவிடும். உயிர்காக்கும் புரதம் அது. ‘கடிவாளம்’ என்போம்.

> சரி. மருந்து ‘கடிவாள நீக்கி’யா?

இல்லை. அமெரிக்க நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசனின் குழு 1996-இல் எலிகளுக்குக் கொடுத்தது சிடிஎல்ஏ-4-ஐ மறிக்கும் ஆன்டிபாடி, கட்டிகள் கரைந்தன. மரபணுவில் கைவைக்கவில்லை, கடிவாளம் போய்விடவில்லை. ஆகவே ‘கடிவாளத் தளர்த்தி’.

பக்கவிளைவை விளக்கவும் இது உதவும். 2011-இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற இபிலிமுமாப் (சிடிஎல்ஏ-4-ஐ மறிக்கும் ஆன்டிபாடி) உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தவணை. கடிவாளம் தளர்ந்த குதிரை நம் வயலையும் மேயும்: பெருங்குடல் அழற்சி. கீமோ வயிற்றுப்போக்கு என்று நினைத்து வெறும் நிறுத்து மாத்திரை கொடுத்தால் குடலில் ஓட்டை விழும்வரை போகலாம். கடுமையானால் மருந்தை நிறுத்தி, ஸ்டீராய்டு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1–2 மி.கி.; தணிந்தபின் ஒரு மாதமாவது எடுத்து மெல்லக் குறைக்க வேண்டும். சட்டென விட்டால் திரும்பும்.

> பிடி-1 மருந்துகளுக்கு?

பொருந்தும். பிடி-1-உம் டி செல்லை அடக்கும் இன்னொரு கடிவாளப் புரதம்; பிடி-எல்1 அதைப் பிடிக்கும் புரதம். நிவோலுமாப் டி செல்லின் பிடி-1-இல் ஒட்டும். அட்டிசோலிசுமாப் பிடி-எல்1-இல், அதாவது பெரும்பாலும் கட்டிச்செல் பக்கம். குதிரை வாயருகே தளர்த்தினாலும் வாரை விட்டாலும் தளர்வு ஒன்றுதான்.

> ‘தசைத் தளர்த்தி’யோடு குழம்பாதா?

முன்னொட்டு காப்பாற்றும். ‘தளர்த்தி’ என்று மட்டும் சுருக்காமல் இருந்தால் போதும். நடுவிலுள்ள ‘த்’ என்ற ஒற்றெழுத்தையும் விட்டுவிடாதீர்கள்.