கால் எலும்பு முறிந்து 7 மாதம்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பைக் விபத்தில் அண்ணனுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. முதலில் வெளிப்பக்கம் கம்பிச் சட்டம், தோல் ஒட்டு. அப்புறம் உள்ளே ராடு. 7 மாதமாகியும் எக்ஸ்ரேயில் எலும்பு முழுதாகக் கூடவில்லை. புகைத்தால் கூடுவது தள்ளிப்போகும் என்று டாக்டர் சொன்ன அன்றே சிகரெட்டை விட்டார் (நாங்கள் பத்து வருடமாகச் சொல்லியும் கேட்காதவர்!).

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார். கணுக்கால் மடங்காமல் இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் பக்கவாட்டாக, நண்டு மாதிரி இறங்குகிறார். லோடு ஆட்டோ ஓட்டியவர், சும்மா இருப்பதுதான் அவரைத் தின்கிறது.

இதிலிருந்து மீண்டவர்கள் ஊன்றுகோலை எப்போது விட்டீர்கள்? பிரேக்கை அழுத்தி மிதிக்க எவ்வளவு நாள் ஆனது? எலும்பு கூடாமல் மறு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உண்டா? நாட்டுக் கட்டு மட்டும் சொல்லாதீர்கள், அந்தச் சண்டை வீட்டில் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது.