டொய்வோ என்ற பெயரை நான் சந்தித்த இரண்டு இடங்கள்

ஃபின்லாந்தின் தம்பெரே நகருக்குப் போன முதல் வருஷம், டிசம்பர் 24. வீட்டுக்காரப் பாட்டி என்னையும் கலேவன்கங்காஸ் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கல்லறையில் விளக்கேற்றுவது அங்கே வழக்கம். மணி நாலுதான், ஆனால் கும்மிருட்டு. கண்ணுக்கெட்டிய வரை பனிக்குள் மெழுகுவர்த்திகள். போரில் இறந்தவர்களின் வரிசையில் ஒரு கல்லின் பனியைப் பாட்டி கையுறையால் தள்ளினார். "டொய்வோ, 1940" என்று தெரிந்தது. அவருடைய பெரியப்பாவாம்.

மொழி வகுப்பில் அந்த வாரம்தான் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். நாம் எல்லாவற்றுக்கும் நம்பிக்கை என்றே சொல்லிவிடுகிறோம். ஃபின்னிய மொழியில் கடவுள் நம்பிக்கை 'உஸ்கோ', ஒருவர்மேல் வைப்பது 'லுஒத்தமுஸ்', நல்லது நடக்கும் என்று காத்திருப்பது 'டொய்வோ'. அந்தச் சொல்லையே பிள்ளைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

இப்படிச் சொந்தமொழிச் சொல்லைப் பெயராக வைக்கும் வழக்கம் வருவதற்கு முன்பு தேவாலயப் பதிவேட்டில் யுஹன், ஹென்ரிக் என்று சுவீடிய வடிவத்தில்தான் பெயர் ஏறும், வீட்டில் எப்படிக் கூப்பிட்டாலும் சரி. 19ஆம் நூற்றாண்டில் ஃபின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தபோதுதான் சொந்த மொழிமேல் பற்று பொங்கியது. டொய்வோ, ஒன்னி (நற்பேறு), அர்மாஸ் (அன்புக்குரியவன்), உர்ஹோ (வீரன்) எல்லாம் அப்போது பரவிய பெயர்கள். 1908இல் ஒவ்வொரு நாளுக்கும் உரிய பெயர்களைச் சொல்லும் பெயர்நாள் காட்டியையே ஃபின்னியப் பெயர்களால் மாற்றி அமைத்தார்கள். போர்க்கல்லறைகளில் இந்தப் பெயர்கள் இத்தனை இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பெயர்களோடு வளர்ந்த பையன்கள்தான் 1939இல் சோவியத் ஒன்றியத்தோடு மூண்ட போருக்குப் போனார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பல்கலைக்கழக கேன்டீனில் நமீபியாவிலிருந்து வந்த ஒருவர் கைகொடுத்து, "நான் டொய்வோ" என்றார். அப்பா ஃபின்லாந்துக்காரரா என்று கேட்டேன். "இல்லை, தாத்தா பெயர். எங்கள் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு" என்றார். 1870இல் நமீபியாவின் வடக்கிலுள்ள ஓவம்போலாந்துக்குப் போன ஃபின்லாந்து மிஷனரிகள் வழியாக, ஞானஸ்நானத்தில் அங்கே சேர்ந்த பெயர். நமீபிய விடுதலைக்காக தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் 16 வருஷம் சிறையிருந்த ஆண்டிம்பா டொய்வோ யா டொய்வோவின் பெயரிலும் அதுதான். 'யா' என்றால் 'உடைய'. டொய்வோவுடைய டொய்வோ!

அந்த டிசம்பரில் அவரையும் தம்பெரேவுக்கு அழைத்துப்போனேன். கல்லுக்கு முன்னால் குனிந்து பெயரைச் சத்தமாக வாசித்தார். பாட்டி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். பிறகு தீப்பெட்டியை அவர் கையில் கொடுத்தார்.