மலேசிய மருத்துவரின் சீட்டை வைத்துப் பெங்களூரில் அம்மாவுக்கு மருந்து வாங்க முடியுமா?

கேள்வி: கிள்ளான் மகள்

வணக்கம். கணவருக்கு வேலை மாற்றலானதால் இரண்டு மாதங்களுக்கு முன்பு கிள்ளானிலிருந்து பெங்களூர் இந்திரா நகருக்குக் குடிவந்தோம். 71 வயதான என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். நீண்ட நாள் நீரிழிவு நோயாளியான அவர் காலையும் இரவும் பேனா ஊசியில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். தைராய்டுக்கு ஒரு மாத்திரையும், தூக்கத்துக்கு அரை அல்பிரசோலமும் உண்டு. கையில் இருப்பது இன்னும் மூன்று வாரத்துக்குத்தான் வரும்.

மலேசிய மருத்துவரின் சீட்டைத் தெருமுனைக் கடையில் காட்டினேன். தைராய்டு மாத்திரையை வேறு பெயரில் எடுத்து வைத்தார்கள். தூக்க மாத்திரை தர முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். நான்கு கடை தள்ளி இன்னொருவர் சீட்டே கேட்காமல் ஓர் அட்டையை நீட்டியதோடு, இன்சுலினைப் பேனாவுக்குப் பதிலாகக் குப்பியில் வாங்கினால் செலவு பாதியாகக் குறையும் என்றும் சொன்னார். இவர்களில் யாரை நம்புவது? கிள்ளானில் இருக்கும் தங்கையைத் தபாலில் அனுப்பச் சொல்லலாமா?

பதில் 1: அல்சூர் மருந்தாளர்

சகோதரிக்கு வணக்கம். தூக்க மாத்திரையை மறுத்த கடைதான் சரியாக நடந்துகொண்டது. அல்பிரசோலம், இந்திய மருந்து விதிகளில் கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணையில் வரும் மருந்து. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, அந்த அட்டவணை மருந்தை விற்கும்போது சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சீட்டைக் கேட்காத கடைக்காரர் அந்தப் பதிவேட்டில் எதை எழுதுவார்? ஒரு விதியைக் காற்றில் விடுபவர் இன்சுலின் வைக்கும் குளிர்பெட்டியை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பார் என்று நான் நம்பமாட்டேன்.

இங்கே செல்லுபடியாவது இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவர் எழுதும் சீட்டுதான். ஆகவே இந்த வாரமே அம்மாவை ஒரு பொது மருத்துவரிடமோ நீரிழிவு மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். பழைய சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவுகள், காலி அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்பதால், தீரும் வரை காத்திருக்க வேண்டாம்.

தைராய்டு மாத்திரையில் கம்பெனிப் பெயர் மாறுவது இயல்பு. லெவோதைராக்சின் என்ற மூலப்பெயரும், அதன் பக்கத்தில் உள்ள மைக்ரோகிராம் எண்ணும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள்.

தபால் யோசனையை விட்டுவிடுங்கள். பயணி தம் சொந்த உபயோகத்துக்காகப் பெட்டியில் கொண்டுவரும் மருந்துக்கு, ஒவ்வொன்றிலும் நூறு வேளை அளவு வரை விதி இடம் தருகிறது. தனியாக வந்து சேரும் மருந்துக்கு 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12பி அனுமதி பெற வேண்டும். அனுமதியே கிடைத்தாலும், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இன்சுலின் வழியில் எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

பதில் 2: மல்லேசுவரம் வாசகி

அந்தக் குப்பி விஷயத்தைப் படித்ததும் மனம் பதறிவிட்டது. தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். இந்தியாவில் விற்கும் இன்சுலின் குப்பிகளில் பல, ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டவை. பேனாவில் போடும் மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மங்கலான சமையலறை வெளிச்சத்தில் இரண்டு நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும்.

சிங்கப்பூரில் அண்ணன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த என் அப்பா, அங்கே வாங்கிய ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளையும் கொண்டுவந்திருந்தார். இங்கே ஒரு கடையில் குப்பி வாங்கினோம். எந்த சிரிஞ்சு இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அப்பா வழக்கம்போல 20 என்ற கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். உடம்பில் சேர்ந்ததோ எட்டு யூனிட்தான். பத்து நாளில் சர்க்கரை 380க்கு ஏறி, அவர் நாக்கு வறண்டு சுருண்டு படுத்த பிறகுதான் மருத்துவமனை செவிலியர் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இதுவே தலைகீழாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்திருந்தால், 50 யூனிட் உள்ளே போயிருக்கும். அந்தக் கணக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு உறக்கம் வருவதில்லை.

பதில் 3: அல்சூர் மருந்தாளர்

வாசகி அம்மா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. கடைக்காரர் கேட்டிருக்க வேண்டும், அது எங்கள் கடமை. இன்னொன்றையும் சேர்க்கிறேன். அட்டையை வெட்டித் தரும்போது தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குங்கள். முடியாவிட்டால், அந்த இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் குறியோ பார்கோடோ கட்டாயம். கைப்பேசியில் காட்டினால் தொகுதி எண், தேதி, உரிம எண் எல்லாம் வரும், அட்டையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கிள்ளான் மகள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மருத்துவரைப் பார்த்தோம். பேனாவையே தொடரச் சொல்லி, மூலப்பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். தூக்க மாத்திரையைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்கலாம் என்றும், அதற்கான அளவைத் தாமே எழுதித் தருவதாகவும் சொன்னார். மறுத்த அந்தத் தெருமுனைக் கடைக்கே போனேன். பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இன்சுலின் பெட்டியில் இருந்த 100 என்ற எண்ணை அம்மாவே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார்.