குழு வரைந்த கொடி எப்போது மக்களுடையது ஆகிறது?

கரும்பலகை:
ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். தேசியச் சின்னங்கள் என்றாலே பிள்ளைகள் கொடி, கீதம், விலங்கு, பறவை என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இந்த வாரம் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நாலு பேர் கூடி முடிவு பண்ணின துணிதானே அது? அதைப் பார்த்து ஜனங்க ஏன் அழறாங்க?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுக்குப் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு சின்னம் அந்த நாட்டு மக்களில் ஒரு பகுதியினரைப் புண்படுத்தியே வந்திருக்கிறது என்றால், அதைத் தூக்கி எறிவதா, வைத்துக்கொள்வதா? நடந்த உதாரணங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அஞ்சல்தலை:
டீச்சர், தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரே நாட்டில் பதில் இருக்கிறது. ஒரு சின்னத்தை எறிந்தார்கள், இன்னொன்றை வைத்துக்கொண்டார்கள்.

எறிந்தது பழைய கொடி. ஆரஞ்சு, வெள்ளை, நீலப் பட்டைகள். நடுவில் விரல்நகம் போல மூன்று குட்டிக் கொடிகள். ஒன்று பிரிட்டனுடையது, மற்ற இரண்டும் போயர்கள் என்ற டச்சு வழிவந்த வெள்ளையரின் பழைய குடியரசுகளுடையவை. கறுப்பின மக்களுக்கென்று அந்தத் துணியில் ஓர் அங்குலம்கூட இல்லை. புதிய கொடிக்குப் பொதுமக்களிடம் வடிவங்கள் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் வந்தும் ஒன்றும் தேறவில்லை. கடைசியில் அரசின் சின்னங்களைக் கவனித்துவந்த ஃபிரெடரிக் பிரவுனெல் வரைந்தது தேர்வாகி, 1994 ஏப்ரல் 27 அன்று, எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நாளில், ஏறியது. தற்காலிகமாகத்தான் ஏற்றினார்கள். மக்கள் விடவில்லை, புதிய அரசியல் சாசனத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. அதன் ஆறு நிறங்களுக்கும் அரசு அதிகாரபூர்வமாகப் பொருள் சொல்லவே இல்லை. அவரவர் தமக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கொடி ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

வைத்துக்கொண்டது ஸ்பிரிங்பாக் மான். ரக்பி அணியின் பச்சைச் சட்டையில் இருக்கும் மான். நிறவெறிக் காலத்தில் வெள்ளையருக்கு மட்டுமே கிடைத்த சட்டை அது. மைதானத்தில் தனியே ஒதுக்கிய பகுதியில் நின்ற கறுப்பின ரசிகர்கள், வந்த அணி எதுவானாலும் அதற்குத்தான் கைதட்டுவார்கள். ஆட்சி மாறியதும் இந்த மானை ஒழிக்க வேண்டும் என்று மண்டேலாவின் கட்சிக்குள்ளேயே குரல் எழுந்தது. இருக்கட்டும் என்றார் மண்டேலா. 1995 ஜூன் 24, எல்லிஸ் பார்க் மைதானத்தில் உலகக்கோப்பை இறுதி ஆட்டம். அணித்தலைவரின் 6-ஆம் எண் போட்ட அதே பச்சைச் சட்டையை அணிந்துகொண்டு மண்டேலா உள்ளே வந்தார். பெரும்பாலும் வெள்ளையர் நிறைந்திருந்த கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. நியூசிலாந்தை 15-12 என்று வென்றார்கள்.

இருபத்தேழு ஆண்டு சிறையில் இருந்தவர், தன்னை அடைத்தவர்களின் சின்னத்தைத் தன் உடம்பில் போட்டுக்கொண்டார். உங்கள் மாணவிக்கு நான் இதைத்தான் சொல்வேன். குழு துணியைத்தான் தரும். அந்தச் சின்னத்தால் அடிபட்டவர் மனமுவந்து அதைக் கையில் எடுக்கிறாரே, அப்போதுதான் அது எல்லோருக்கும் உரியதாகிறது. வேறு யார் எடுத்தாலும் அந்தப் பலன் வராது.

நடுவரிசை:
நல்ல கதைதான், ஆனால் ஒரு நாள் ஆட்டத்தில் எல்லாம் சரியாகிவிட்டதென்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அந்த அணிக்கு முதல் கறுப்பின டெஸ்ட் கேப்டனாக சியா கொலிசி வந்ததே 2018-ல்தான். 1995-ல் களமிறங்கிய அணியில் வெள்ளையரல்லாதவர் ஒரே ஒருவர். சின்னம் மாறிவிட்டது, அணி மாறப் பல வருடங்கள் ஆயின. இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கனடாவையும் நியூசிலாந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். கனடாவில் 1964-ல் மாதக்கணக்கில் நாடாளுமன்றத்தில் சண்டை. பிரிட்டிஷ் கொடி மூலையில் இருந்த பழைய கொடிக்காகப் போரில் உயிர் கொடுத்தோம் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். இருந்தும் 1965 பிப்ரவரி 15 அன்று மேப்பிள் இலை ஏறியது, இன்று அது இல்லாத கனடாவை யோசிக்கவே முடியாது. நியூசிலாந்தில் 2016-ல் மக்களிடமே வாக்கு கேட்டார்கள். 56.6 சதவீதம் பேர் பழைய கொடியே போதும் என்றுவிட்டார்கள். பிரதமருக்குத்தான் ஆசை இருந்தது, ஊருக்கு அந்த அவசரம் இல்லை.

சுருதிப்பெட்டி:
கீதத்தை விட்டுவிட்டீர்களே! தென்னாப்பிரிக்கக் கீதத்தை வகுப்பில் போட்டே காட்டுங்கள் டீச்சர். 1997-ல் இரண்டு பாட்டுகளை இணைத்துச் செய்தது. முதல் பாதி ஈனோக் சொண்டோங்கா எழுதிய பிரார்த்தனைப் பாடல், விடுதலைப் போராட்டக் கூட்டங்களில் பாடியது. அடுத்து வருவது பழைய ஆட்சியின் கீதம். ஷோசா, ஜூலு, செசோதோ, ஆப்பிரிக்கான்ஸ், ஆங்கிலம் என ஐந்து மொழிகள். பிள்ளைகளைக் கூர்ந்து கேட்கச் சொல்லுங்கள்: நடுவில் சுருதி மாறும், தொடங்கிய சுருதிக்குத் திரும்பாமலே முடிந்துவிடும். ஒட்டுப்போட்ட இடம் காதில் விழும். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும், மறைக்கவில்லை பாருங்கள். பழைய ஆட்சியின் பகுதியை வெட்டச் சொல்லும் கட்சி இன்றும் அங்கே இருக்கிறது. அவர்கள் வலியும் நியாயமானதே.

போஸ்னியாவில் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரிகள் அமையவில்லை, கீதத்துக்கு இசை மட்டும்தான். ஸ்பெயினிலும் அதிகாரபூர்வ வரிகள் கிடையாது.

கரும்பலகை:
அனைவருக்கும் நன்றி. அஞ்சல்தலை அண்ணா, "மனமுவந்து" என்றீர்கள். மனமே வராதவரை என்ன செய்வது? நாளை வகுப்பில் ஒருவன் கீதம் பாட மாட்டேன் என்று நின்றால்?

அஞ்சல்தலை:
நம் நாட்டிலேயே நடந்திருக்கிறதம்மா. 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தங்கள் மத நம்பிக்கை இடம் தராததால், கீதம் பாடவில்லை. ஆனால் மரியாதையோடு எழுந்து நின்றார்கள். பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986-ல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, எழுந்து நிற்பதே மரியாதைதான், பாடித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று கூறிப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடி வணக்கம் பற்றி 1943-லேயே இதே மாதிரி தீர்ப்பு சொன்னது, அதுவும் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது.

எனவே ஒருவன் வாயை மூடிக்கொண்டு நின்றால் நிற்கட்டும். வகுப்பு முடிந்தபின் கூப்பிட்டு, ஏன் என்று தன்மையாகக் கேளுங்கள். அந்தத் தீர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. கேள்வி கேட்ட அந்த மாணவியிடம் முதலில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.