கலிஃபோர்னியா பள்ளி மாவட்டங்களுக்கு மாநிலப் பணம் எந்தக் கணக்கில் போகிறது?

கேள்வி:
பக்கத்துப் பக்கத்துப் பள்ளி மாவட்டங்கள் இரண்டு. பிள்ளைகள் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். தலைக்கு வரும் பணத்தில் மட்டும் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர் வித்தியாசம். எல்சிஎஃப்எஃப் என்ற பள்ளி நிதிச் சூத்திரம்தான் காரணம் என்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது? பதிவேட்டில் பெயர் இருக்கும் எல்லாருக்கும் பணம் உண்டா?

கணக்கர்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கிடையாது. பணம் சராசரி தினசரி வருகைக்கு, அதாவது ஏடிஏவுக்கு. 1,000 பேர் சேர்ந்து 94% வருகை இருந்தால் 940 பேருக்குத்தான் கணக்கு. காய்ச்சல் என்று லீவ் லெட்டர் கொடுத்தாலும் அந்த நாள் போனது போனதுதான். காட்டுத்தீப் புகையால் பள்ளியையே மூடினால் ஜே-13ஏ படிவம் போட்டு மீட்கலாம்.

2013-14இல் வந்த சூத்திரம் இது. வகுப்புக்கு ஏற்ப ஓர் அடிப்படைத் தொகை. ஏழைக் குடும்பப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவருபவர்கள், அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர்கள், இவர்களுக்கு அதில் 20% கூடுதல். ஒரு பிள்ளை இரண்டு வகையில் வந்தாலும் தலை ஒன்றுதான். மாவட்டப் பிள்ளைகளில் இவர்கள் 55%ஐத் தாண்டினால், தாண்டிய பங்குக்கு அடிப்படையில் மேலும் 65% (2021-22க்கு முன் 50%).

கணக்குக்காக அடிப்படை 10,000 டாலர் என்று வையுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் 80% உள்ள மாவட்டம்: 10,000 × 0.20 × 0.80 = 1,600. பிறகு 55ஐத் தாண்டிய 25%க்கு 10,000 × 0.65 × 0.25 = 1,625. மொத்தம் 13,225. பக்கத்தில் 30% உள்ள மாவட்டத்துக்கு 10,600. நீங்கள் கேட்ட வித்தியாசம் இதுதான்.

பதிவேடு பார்ப்பவர்:
இதில் பணம் ஒழுகும் இடம், ஏழைக் குடும்பம் என்று கணக்கில் சேர்க்கப் பெற்றோர் நிரப்பும் வருமானப் படிவம். 2022-23 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசச் சாப்பாடு. ‘சாப்பாடுதான் கிடைக்கிறதே, படிவம் எதற்கு’ என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். கால்ஃப்ரெஷ் (அரசின் உணவு உதவி) போன்றவை வாங்கும் குடும்பங்கள் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும், மற்ற ஏழைக் குடும்பங்கள் விடுபடலாம். கணக்கெடுப்பு நாள் அக்டோபர் முதல் புதன். சதவீதம் மூன்றாண்டுச் சேர்க்கையை வைத்துப் போடுவது, ஆகவே ஒரு வருட அலட்சியம் மூன்று வருடம் கடிக்கும்.

வரவுசெலவு பார்ப்பவர்:
இந்தத் தொகை முழுவதும் மாநிலம் தருவதும் அல்ல. உள்ளூர்ச் சொத்து வரியைக் கழித்துவிட்டு மீதியைத்தான் மாநிலம் நிரப்பும். பாலோ ஆல்டோ போன்ற இடங்களில் சொத்து வரியே சூத்திரத் தொகையைத் தாண்டிவிடுகிறது. மிஞ்சியதை மாவட்டமே வைத்துக்கொள்ளும். அங்கே பிள்ளைகள் கூடினாலும் அதற்கேற்பப் பணம் கூடாது. டெக்சாஸில் இப்படி மிஞ்சுவதில் ஒரு பங்கை மாநிலம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது, சண்டைக்கு வராதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
ஏழைப் பிள்ளைகளுக்கான கூடுதல் பணம் அந்தந்தப் பள்ளிக்கே போகுமா?

கணக்கர்:
போகாது, மாவட்டக் கஜானாவுக்குத்தான். எதற்குச் செலவு என்பதை எல்கேப் என்ற மாவட்டச் செலவுத் திட்டத்தில் எழுதி ஜூலை 1க்குள் நிறைவேற்ற வேண்டும். ‘மாவட்டம் முழுமைக்கும்’ என்று போட்ட இனங்களைக் கவனியுங்கள், பணம் கரைவது பெரும்பாலும் அங்கேதான். 50%இலிருந்து 65% ஆன அந்த 15% மட்டும், இப்படிப்பட்ட பிள்ளைகள் 55%ஐத் தாண்டிய பள்ளிகளில் பணியாளர்களை அதிகரிக்கத்தான். திட்டமிட்டது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்ற அட்டவணை அதே ஆவணத்தில் பின்பக்கம் இருக்கும். பொது விசாரணைக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.