புதுப்பிப்பு: மவுசாகலைப் படகில் மீன்காட்டி

இலங்கையின் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் படகு வேகமெடுத்ததும் மீன்காட்டியின் (ஒலியலைகளால் நீரடியின் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) திரை கலைந்துவிடுகிறது என்று முன்னர் எழுதியிருந்தேன்; பிழை கருவியில் அல்ல, ஒலியலைகளை நீருக்குள் அனுப்பி எதிரொலியை வாங்கும் அதன் உணரியை நான் பொருத்திய இடத்திலேயே இருந்தது. எஞ்சின் விசிறியை ஒட்டியிருந்ததால் உணரியின் முகத்தடியில் காற்றுக்குமிழிகள் ஓடி ஒலியலைகளைச் சிதறடித்தன. அதைக் கழற்றி, படகின் பின்பலகையில் விசிறியிலிருந்து ஒரு முழம் தள்ளி, படகின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி, முகம் நேர்கீழே பார்க்கும்படி திருகினேன். பழைய திருகுத் துளைகளை எபொக்சிப் பசையால் அடைத்தேன். ஒன்று இன்னும் கசிகிறது, அது என் அவசரத்தின் பலன். கருவியின் உணர்திறனைத் தானியங்கு நிலையிலிருந்து விடுவித்து, திரையில் புள்ளிமழை அடங்கும்வரை குறைத்தேன். கல் கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்தபோது திரை காட்டிய ஆழமும் ஒத்துவந்தது. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி அதிர்வெண்ணில், நீரில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் மேலே மெதுவாகச் சென்றபோது, சேற்றின் மங்கிய கோட்டுக்கு நடுவே நேர்விளிம்புடன் ஒரு மேடு பளிச்சென்று எழுந்தது. மீன் மட்டும் இன்னும் அகப்படவில்லை.